கையுறைக் கம்பெனி என்று சொல்லி வைத்தோம்

முதல் நாள்

“இது எந்த விரலுக்கு மேடம்?”

அந்தக் கம்பெனிக்குள் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டதும் டெஸ்டிங் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. முள்காடும் வேர்க்கடலைக் கொல்லையுமாக இருந்த இடத்தில் தகரக் கூரைகள் எழும்பின. எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம். அப்பா கன்னியப்பன் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்துவிட்டு, பிறகு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனவர். ரப்பர் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னைக் கூட்டிப்போய் கேட்டில் நிறுத்தியதும் அவர்தான். வாசல் போர்டில் ரப்பர் பொருள்கள் என்று மட்டும் எழுதியிருந்தது. ரப்பர் என்றால் அப்பாவுக்குச் செருப்பும் சைக்கிள் டியூபும். எனக்குக் கூடுதலாக அழி ரப்பரும் தெரியும்.

ஹாலில் ஒரு பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றியது. அதைச் சுற்றிலும் பளபளவென்று எஃகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் பக்கத்துத் தட்டிலிருந்து மெல்லிய ரப்பர் உறையை எடுத்து ஒவ்வொரு கம்பியிலும் மாட்டிக்கொண்டே இருந்தாள். சக்கரம் சுற்றும்போது உறை மின்சாரத்தில் சோதனையாகும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கரண்டு பாய்ந்து மெஷின் காட்டிவிடும், மாட்டுகிற பெண் அதைத் தனியாகத் தள்ள வேண்டும். அந்த ஓட்டைக்குப் பின்ஹோல் என்று பெயர். தள்ளிவிட்டது ரிஜெக்ட். இவ்வளவையும் சூப்பர்வைசர் அம்மிணி மேடம் விளக்கி முடித்த பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் கேரளத்துக்காரர். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“விரலுக்கு இல்ல மோளே. வா, பேக்கிங் காட்டித் தரேன்” என்று கூட்டிப்போனார்.

பேக்கிங்கில் குவிந்து கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு முக்கோணம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரிலும் ரயில் நிலையத்திலும் பெரிதாக வரைந்திருந்த குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம். அப்போது புரிந்தது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அம்மிணி மேடம் என் கையைப் பிடித்து விரித்து, நகத்தைப் பார்த்தார். நாளையிலிருந்து நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, கீறல் பட்டால் சரக்கு வீண் என்று சொல்லிவிட்டு, வெட்கம் இருந்தால் அதையும் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றார்.

நான் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். ஆனால் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜீப் வந்தால் ஓடும் காலம்

மறைக்க வெட்கம் மட்டும் காரணமில்லை. அது எமர்ஜென்சி சமயம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்தில் யாரையும் பிடித்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் வேலியைத் தாண்டி ஓடுவார்கள். ஒருமுறை கொசு மருந்து அடிக்க வந்த ஜீப்பைப் பார்த்து அப்பாவும் ஓடினார். கரும்புக் கொல்லையில் ஒளிந்து, முகமெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய், அப்பா நான் சிவப்பு முக்கோணக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அவர் நிறுத்தாவிட்டாலும் ஊர் நிறுத்திவிடும். வீட்டில் எனக்கு அடுத்து இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அதனால் முதல் நாள் அம்மா கேட்டபோது, டாக்டர்கள் கையில் போட்டுக்கொள்ளும் கையுறை செய்கிறோம் என்று சொன்னேன். பொய் சொல்லும்போது நாக்கு குழறவேயில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

மூன்று பேர், மூன்று கம்பெனி

கும்மிடிப்பூண்டியிலிருந்து சாயங்கால ரயிலில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாக வருவோம். ஸ்டெல்லா டிப்பிங்கில் இருந்தாள். கண்ணாடி அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி எடுக்கும் பிரிவு அது. அம்மோனியா வாடை தலைமுடியில் ஏறிவிடும். கிரிஜா என்னோடு டெஸ்டிங். மூன்று பேரும் வேலையைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருக்கிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. அதைப் பேசக் கூச்சம்.

அதே ரயிலில் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து நண்டு விற்கும் பொன்னம்மா என்று ஒரு அம்மாள் ஏறுவார். கூடை காலியான பிறகு அவருக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு. எங்கள் ஊர்களில் அவர் போகாத தெரு கிடையாது. ஒருநாள் எங்கள் மூவருக்கும் எதிரில் வந்து உட்கார்ந்தார். மூவர் தலையிலும் வெள்ளைப் பவுடர். உறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் பவுடர் அது. எவ்வளவு தட்டினாலும் போகாது.

பொன்னம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, மூணு பேரும் ஒரே கம்பெனிதான? உங்கம்மா க்ளவுஸுன்றாங்க. இவுங்கம்மா பலூனுன்றாங்க. அந்தப் பொண்ணூட்ல சைக்கிள் டியூபுன்றாங்க. இன்னாதாம்மா செய்யிறீங்க?”

கிரிஜா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் முடியிலிருந்த பவுடரைத் தட்டத் தொடங்கினேன். ஸ்டெல்லாதான் வாயைத் திறந்தாள்.

“எல்லாந்தாம்மா. காத்தால பலூனு, நாஷ்டா முடிஞ்சி க்ளவுஸு, சாய்ங்காலமா டியூபு. ரப்பர் ஒண்ணுதான?”

பொன்னம்மா அதை நம்பினாரா என்று தெரியாது. ரப்பர் ஒன்றுதான் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மூவரும் கூடிப் பேசினோம். வெவ்வேறு பொய் சொல்வதால்தான் ஆபத்து, எல்லோரும் ஒரே பொய்யாகச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. எந்தப் பொய் என்பதில்தான் சண்டை. பலூன் என்று சொன்னதிலிருந்து ஸ்டெல்லாவின் அக்கா பிள்ளைகள் தினமும் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். சைக்கிள் டியூப் இன்னும் மோசம். கிரிஜாவின் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேர் அளவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையுறை ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை. கிராமத்தில் கையுறையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? எனவே கையுறை ஜெயித்தது. கேள்விப்பட்டு மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்த வட்டாரம் முழுவதும் அது கையுறைக் கம்பெனி ஆயிற்று.

அப்பாவின் பெருமை

அப்பாவுக்குக் கையுறை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. மூட்டை தூக்குகிற இடத்திலும் டீக்கடையிலும் அதே பேச்சு. தன் பெண் செய்யும் கையுறை டில்லிக்குப் போகிறது என்பார். அதை நான் சொல்லவில்லை. அவராகவே டில்லிக்கு அனுப்பிவிட்டார். ஒருநாள் டீக்கடையில் ஒரு படி மேலே போய், என் பெண் கை வைக்காமல் இந்தியாவில் ஒரு ஆபரேஷன் நடக்காது என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆபரேஷன் என்றால் ஒரே ஒரு ஆபரேஷன்தான்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்களாம். அப்பா வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார்.

“அந்தக் கையுற அந்த ஆபரேஷனுக்கா போவுது?” என்றார்.

நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்த பொய், உண்மையின் வாசலுக்கே என்னைக் கொண்டுபோய் விட்டது. பிள்ளை பெறும்போது டாக்டரம்மா போட்டுக்கொள்கிற கையுறை, அதற்கும் ஆண்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அப்பா உடனே டீக்கடைக்குத் திரும்பிப் போனார். என் மகள் பிள்ளை பிறக்க வைக்கிறாள், தடுக்கவில்லை என்று அங்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

கல்யாணம்

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் முனிரத்தினம். எங்கள் கம்பெனிக்கு அடுத்திருந்த பட்டறையில் ஃபிட்டர். அவருடைய அம்மா ராஜம்மா பெண் பார்க்க வந்தபோது என்னைவிட என் நகங்களைத்தான் அதிகம் பார்த்தார். இவ்வளவு ஒட்ட வெட்டியிருக்கிறதே, நகம் கடிக்கிற பழக்கம் உண்டா என்று அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார். டாக்டர் கையுறை, நகம் படக்கூடாது என்று அம்மா பெருமையோடு சொன்னாள். ராஜம்மாவுக்கும் திருப்தி.

எனக்குத்தான் திருப்தி இல்லை. ஊரிடம் பொய் சொல்லலாம், கட்டிக்கொள்பவரிடம் எப்படி? கல்யாணத்துக்கு முன்னால் சொல்லத் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி மறுவீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் கம்பெனியில் செய்வது கையுறை இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைத் திருப்பாமல் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“தெரியும். உங்க கம்பெனி பாய்லர் ரிப்பேர்னா நாந்தான் வருவேன். பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே தெரியும். அம்மா கிட்ட மட்டும் சொல்லிடாத, பேஜாராயிடும்.”

இவ்வளவு நாள் நான் எதற்காகத் தவித்தேன் என்று எரிச்சலாக இருந்தது. அதே நேரம், பொய்யைச் சுமக்க இன்னொரு தோள் கிடைத்த நிம்மதியும் இருந்தது.

வேலைக்குத் திரும்பியபோது கை நிறையக் கல்யாண வளையல். கழற்றக்கூடாது என்பது மாமியார் உத்தரவு. அம்மிணி மேடம் யோசித்து, வளையலோடு சேர்த்து முழங்கை வரை துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். கை ஒடிந்தவள் மாதிரி டெஸ்டிங் செய்தேன்.

கவரைப்பேட்டையில் வீடு எடுத்தோம். ராஜம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். கணவரை இழந்து சில வருஷம் ஆகியிருந்தது. தினமும் என் புடவையை வாசலில் உதறிப் போடுவார். பவுடர் பறக்கும். கையுறைக்கு இவ்வளவு பவுடரா, டாக்டருக்குத் தும்மல் வராதா என்று கேட்பார். அவர் மகன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

மாமியார் வந்த நாள்

ஒருநாள் அவசரத்தில் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ராஜம்மா அதை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்திருக்கிறார். சாதாரண நாளாக இருந்தால் வாட்ச்மேன் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். அன்று பார்த்து பக்கத்து ஊர்களிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். கம்பெனியைச் சுற்றிக் காட்டிப் பயத்தைப் போக்குவது நிர்வாகத்தின் ஏற்பாடு. கூட்டத்தின் கடைசியில் தூக்கோடு நின்ற ராஜம்மாவையும் அவர்களில் ஒருவர் என்று நினைத்து, தூக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வாங்கம்மா என்று மரியாதையாக அழைத்துப் போய்விட்டார்கள்.

நான் சக்கரத்துக்கு முன்னால் இருந்தேன். அம்மிணி மேடம் முன்னே வர, பின்னால் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆறேழு பேருக்குப் பின்னால் என் மாமியார். எனக்குக் கை நின்றுவிட்டது. மூன்று கம்பிகள் வெறுமையாகப் போயின. பக்கத்தில் இருந்த கிரிஜா என்னை இடித்தாள்.

அம்மிணி மேடம் எதையும் விட்டுவைக்கவில்லை. இது என்ன, எதற்கு, எப்படி, ஏன் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். என் இயந்திரத்துக்கு வந்ததும் என் தோளில் கை வைத்து, நம்முடைய நல்ல டெஸ்டர்களில் ஒருத்தி, இவள் கையில் ஓட்டை தப்பாது என்று பாராட்டினார். ராஜம்மா என்னைப் பார்த்தார். நான் ராஜம்மாவைப் பார்த்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நின்றோம்.

பிறகு லேபுக்குப் போனார்கள். அங்கே வாட்டர் டெஸ்ட். உறைகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. மற்றப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்க, ராஜம்மா மட்டும் கிட்டே போய், தொங்கிய ஒன்றைச் சுரைக்காய் வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார்.

திரும்பிப் போகும்போது வாட்ச்மேனிடம் அந்தத் தூக்கைக் காட்டி, என் பெயரைச் சொல்லிச் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறார். அன்று அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவர் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டேன்.

“எட்டுப் பெத்தேன். அஞ்சு நின்னுது. கடேசிப் புள்ளைக்கு நான் பொழச்சதே பெரிசு” என்றார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இத்தினி சின்ன சாமானு. இத்த அப்பவே யாராச்சும் எனக்குக் காட்டியிருக்கலாம்ல.”

திட்டுவார் என்று எதிர்பார்த்து ரயிலில் நான் தயாரித்து வந்த வார்த்தைகள் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை.

ஆய்ந்த கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார், “எம் புள்ளைக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“திருட்டுப் பையன்” என்று சொல்லிவிட்டுக் கீரையை அலச எழுந்து போனார்.

நர்ஸின் மரியாதை

ஒரு வாரம் கழித்து ராஜம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பின்வீட்டுப் பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு குழந்தை. உடம்பு தாங்கவில்லை. புருஷன் ஜீப்பைக் கண்டால் ஓடுகிறவன். அவளுக்குக் கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

கம்பெனி மருத்துவ அறையில் ஊழியர்களுக்குப் பாக்கெட்டுகளை இலவசமாகவே கொடுப்பார்கள். ஆனால் வாங்க ஒருத்தரும் போவதில்லை. நான் போய் நின்றதும் நர்ஸம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பின்வீட்டுப் பெண்ணைத் தொடர்ந்து எதிர்வீட்டுப் பெண், அவள் சொல்லி இன்னொருத்தி என்று ஆள் கூடியது. ராஜம்மா யார் பெயரையும் வெளியில் விடமாட்டார். முந்தானையில் முடிந்து எடுத்துப் போவார். எப்படிப் பயன்படுத்துவது என்பதை அம்மிணி மேடம் சொன்னபடியே, ஒரு வரி விடாமல் அந்தப் பெண்களுக்குச் சொல்வார். அவர்கள் அதைப் புருஷன்களிடம் எப்படிச் சொன்னார்கள் என்பது அவரவர் சாமர்த்தியம்.

நான் வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவ அறைக்குப் போக வேண்டியதாயிற்று. யாருக்கு என்று சொல்ல முடியாது. நர்ஸம்மாவும் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கும் பார்வை மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் பாய்லர் ரிப்பேருக்கு வந்த என் கணவரை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நர்ஸம்மா எழுந்து நின்று வணக்கம் சொன்னாராம். எதற்கு அவ்வளவு மரியாதை என்று கணவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டார். ராஜம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. காரணத்தை நாங்கள் இருவரும் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை.

அப்பா

எமர்ஜென்சி முடிந்து ஜீப் பயமும் போனது. என் தங்கைக்கு நிச்சயம் பேசி முடித்த அன்று, பேச்சோடு பேச்சாக ராஜம்மா என் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. மருமகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதாகத்தான் நினைத்திருக்கிறார்.

அப்பா பல நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. பிறகு ஒரு காலை, கவரைப்பேட்டை பிளாட்பாரத்தில் நான் ரயிலுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். ஆலைக்குப் போகிற வழி அதுவல்ல. துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஓட்ட இருந்தா நீதான் கண்டுபுடிக்கிறியாமே?”

“ஆமாப்பா. மெஷின் காட்டும். நான் பாத்துத் தள்ளணும்.”

“ஒண்ணு தப்பிப் போச்சின்னா?”

“யாரூட்லயோ ஒரு பொம்பளைக்குக் கஷ்டம்பா.”

அப்பா தலையை ஆட்டினார். ரயில் வந்தது. கூட்டத்தில் எனக்கு வழி விலக்கி, என்னை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றார்.

“அப்ப கண்ண நல்லாத் தொறந்து வெச்சிக்கினு பாரு” என்றார்.

அந்தக் கம்பெனியில் நான் சூப்பர்வைசராகித்தான் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் வீட்டில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்பார்கள். இஷ்டப்பட்டதைச் சொல்லுங்கள், அது உங்கள் வீட்டு விஷயம் என்பேன். ஆனால் யார் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அதிகமாகப் பயப்படுகிறீர்களோ, அவர்களைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்றும் சொல்வேன். எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு அம்மாளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்குத் தெரியக்கூடாது என்று தினமும் தலைமுடியிலிருந்து பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தவள் நான்.